பாதம் தெரியாத படங்கள்

குத்தம்பாக்கம்
18-1-1988

பார்வதத்துக்கு மாமியார் கெங்கம்மாள் என் கையாலேயே எழுதுவது. குணசேகரனை எழுதச் சொன்னால் ஒற்றெழுத்தை எல்லாம் தின்றுவிடுவான். ஐந்தாவதோடு நின்றாலும் என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று போஸ்ட்மேனே சொல்லுவார்.

முதலில் நம் பிள்ளைகள் சேதி. பெரியவன் உத்தமன் மகள் புஷ்பா அரைப்பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்று நாலு. வாத்தியார் ஊடு தேடி வந்து சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். திருமழிசையில் பொங்கலுக்கு வைத்த கோலப்போட்டியில் எவர்சில்வர் தூக்கு வாங்கிவந்தாள். அவள் தம்பி குணசேகரன் சாக்கு ஓட்டத்தில் முதல். காலைச் சாக்குக்குள் விட்டுக்கொண்டே முயல்குட்டி மாதிரி துள்ளினான், ஊரே கைதட்டியது. என் அண்ணன் பேரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து பழகி நிரந்தரமாகிவிட்டான். என் பிள்ளை கஜபதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் ஆவடி ஃபாக்டரி கார்டைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள். இப்போது மேடக் ஃபாக்டரி வரைக்கும் போய்விட்டான். நாலு மாசமாக அவன் கையெழுத்தில் ஒரு வரி வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

கடைசியில் நம் கஸ்தூரி. அடுத்த ஊட்டு முனியம்மா போன வாரம் கிணற்றடியில் நாலு பேருக்கு நடுவே கேட்டாள்: "இன்னா பெரிம்மா, மேடக்குப் பேத்தி நடக்குதா?" "நடக்குதாவா? ஓடுதுடி" என்று சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. முகம் அப்படியே என் மாமியார் முகம். ஆனால் இடுப்புக்குக் கீழே சால்வை போர்த்தியிருக்கிறாய். மேடக்கில் அவ்வளவு குளிரா? தீபாவளிக்கு அனுப்பியதும் மார்பு வரைதான். ஸ்டுடியோக்காரனைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லி, பிள்ளை முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு புதுப்படம் தபாலில் அனுப்பு.

கெங்கம்மாள்


மேடக்
9-2-1988

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புஷ்பாவுக்கும் குணசேகரனுக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

குளிரா என்று கேட்டிருக்கிறீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

கஸ்தூரி நடக்கவில்லை. நிற்கவும் இல்லை. இனிமேல் கிணற்றடியில் யாராவது கேட்டால் அதையே சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். உங்களுக்கு மறந்திருந்தால் நான் எழுதுகிறேன்.

இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கிப் பிறந்த குழந்தைக்கு வாரா வாரம் மாவுக்கட்டை மாற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிக் கட்டுவார்கள். குழந்தை வளரும், கட்டு வளராது. காட்டுப்பாக்கம் எலும்பு ஆஸ்பத்திரியில் ஞானம்மாள் சிஸ்டர் இதை உங்களிடமும்தான் சொன்னார். நான் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பாதம் பாதிக்குமேல் திரும்பிவிட்டது. நீங்களே தொட்டுப் பார்த்து, திருஷ்டி கழித்தீர்கள்.

போன பங்குனியில் ஊரெல்லாம் தட்டம்மை. நம் வீட்டில் குணசேகரனுக்கு வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினீர்கள். அம்மா இறங்கி மூன்று தண்ணி ஊற்றும்வரை யாரும் படி தாண்டக்கூடாது, வீட்டுக்குள் எந்தக் கட்டையும் அவிழ்க்கக்கூடாது என்றீர்கள். வேலைக்குப் போயிருந்த என் புருஷனை உள்ளேயே விடவில்லை. அவர் ஆவடியில் சிநேகிதர் குவார்ட்டர்ஸில் கிடந்தார். குணசேகரனுக்கு இறங்கும் நேரத்தில் புஷ்பாவுக்கு வார்த்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு மாதத்துக்கு மேல் அதே கட்டு. வெளியே தெரிந்துகொண்டிருந்த விரல்கள் வீங்கிப்போயின. கட்டுக்குள்ளிருந்து வாடை வந்தது. அது வேப்பிலை வாடை என்றீர்கள்.

பின்வேலியைப் பிரித்துக்கொண்டு நான் ஓடியது உங்களுக்கு இன்னும் குற்றம். கட்டைப் பிரித்தபோது இடது குதிகாலில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. புண் ஆறும்வரை கட்டுப் போட முடியாது. ஆறியபோது பாதம் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரியே மடங்கிவிட்டது. இங்கே ஹைதராபாத்தில் ஆபரேஷன் என்கிறார்கள்.

படம் அனுப்ப இப்போது வசதி இல்லை.

பார்வதம்


குத்தம்பாக்கம்
3-3-1988

பார்வதத்துக்கு,

நீ எழுதியதை உத்தமனுக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை. பத்தாவது படித்தவள், அடுக்கடுக்காக எழுதுகிறாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய்.

நானா வேண்டாம் என்றேன்? கூடத்தில் அம்மன் செம்புக்கு முன்னால் பூக்கட்டிக் கேட்டோமே. பூவரச இலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் பிள்ளையைத் தூக்கிப் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று உன் எதிரில்தானே சொல்லிக் கட்டினேன்? புஷ்பாதானே எடுத்தாள்? சிவப்பு வந்தது. என் கையில் என்ன இருக்கிறது? அம்மா குடியிருக்கிற ஊட்டில் அம்மா சொன்னதுதான். கேட்டதனால்தான் குணசேகரன் இன்றைக்குச் சாக்குக்குள் துள்ளுகிறான். அந்தப் பங்குனியில் நம் ஏரிக்கரைத் தெருவில் மட்டும் எத்தனை ஊட்டில் பிள்ளை போயிற்று, நீயே பார்த்தாய்.

எழுதி முடித்துவிட்டேன் என்று இன்லண்டை மடித்தேன். மறுபடி பிரித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வாரா வாரம் வெட்டி எடுத்த மாவுக்கட்டு ஓடுகளை நான் வாங்கிவந்து பரண்மேல் வைத்தது உனக்குத் தெரியும். நீகூட, இதையெல்லாம் எதற்கு அத்தை என்றாய். கோயில் வாசலில் தகரத்தில் கால் உரு விற்கிறான், கால் சரியானவர்கள் வாங்கி அம்மன் பாதத்தில் வைக்கிறார்கள். என் பேத்திக்கு எதற்குத் தகரம்? அவள் கால் பதிந்த ஓடே இருக்கிறது, நடந்த அன்றைக்கு அதையே வைக்கலாம் என்றுதான் எடுத்துவைத்தேன்.

மத்தியானத்தில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு பரணில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. தூளியில் கிடந்து கஸ்தூரி இரண்டு கட்டையும் ஒன்றோடொன்று தட்டுவாளே, அதே சத்தம். டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக். எலி என்று பொறி வைத்தேன். தேங்காய்ச் சில்லு அப்படியே காய்ந்து கிடக்கிறது.

கோபத்தில் படத்தை நிறுத்தாதே. ஒன்று அனுப்பு.

கெங்கம்மாள்


மேடக்
22-7-1988

அத்தைக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கஸ்தூரிக்குப் போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. அதைத் தெரிவிக்க வேண்டியது முறை.

அந்த ஓடுகளைத் தூக்கி ஏரியில் போடுங்கள்.

பூ சொன்னதாக எழுதினீர்கள். நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பூக்கட்டிய மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டுப் போடும் கோவிந்தன் சைக்கிள் மிதித்து வந்தார். நான் உள்ளே குழந்தையோடு இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"யம்மா, சிஸ்டர் சொல்லி அனுப்ச்சாங்க. அம்மை கீற ஊட்டுப் புள்ளைங்கள பொது நாள்ல கூட்டத்துல கொண்டாரக் கூடாது. அதுக்காக வராமயும் இருக்கக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் பின்கேட்டுக்குத் தூக்கினு வாங்க. கொட்டாய் போட்டுக்கீது. ஒரே ஒரு ஆள் வந்தா போதும். கட்ட ஊட்லயே வெந்நீர்ல ஊறவெச்சு அவுத்துட்டு வந்துடுங்க, புதுசு போட்டு அனுப்பிடறோம்."

"இது அம்மா குடியிருக்கிற ஊடு. நீ சைக்கிளத் திருப்பு."

"அம்மா வாணாம்னா சொல்லுவா? நா வேணா இங்கியே தள்ளி நின்னு—"

"திருப்புடா!"

அவர் போன பிறகு நீங்கள் வாசல் வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுசு செருகினீர்கள்.

ஊருக்குள் நான் அம்மையை மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டவைத்தேன் என்று பேச்சு இருப்பதாக உங்கள் மகன் சொன்னார். அதைச் சொன்னது நீங்களாக இருக்காது என்று நினைக்கிறேன். நான் போன அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, எங்க வீட்ல அம்மை இருக்கு, யாரும் கிட்ட வராதீங்க என்று கத்தினேன். உள்ளே தாழ்வாரம் முழுக்கக் கைக்குழந்தைகள். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு அம்மை ஊசியும் கிடையாது என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்தார். கொட்டகையைத் திறந்து, அங்கேயே பிரித்தார். பிரித்துவிட்டு என் தலையில் கைவைத்தார். 

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் முட்டாள் இல்லை. பேப்பர் படிக்கிறவர். ரேஷன் கடைக்காரனையே எடை சொல்லித் திணறவைக்கிறவர். அன்றைக்கு ஏன் அப்படி மறித்தீர்கள்?

பார்வதம்


குத்தம்பாக்கம்
14-11-1988

பார்வதத்துக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஊட்டில் யாரும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

கஜபதிக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் இருந்தாள். நம் ஊர் அம்மன் பேரைத்தான் வைத்தோம், வேம்புலி. கஜபதி இடுப்பில் இருந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவனுக்கு நினைவு இருக்காது. உத்தமனுக்கு இருக்கும், அவன் பேசமாட்டான்.

அவளுக்கு அம்மை வார்த்தது. என் மாமியார் வாசலில் வேப்பிலை செருகினாள். படி தாண்டக்கூடாது என்றாள். அப்போது நம் தெருவில் போர்டு படிக்கத் தெரிந்த மருமகள் நான் ஒருத்திதான். திருமழிசை பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்திருந்தேன். அம்மை கண்டால் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தது. மூச்சு இரைத்தது பிள்ளைக்கு. மாமியாரைத் தள்ளிவிட்டு, பின்வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். நீ பிரித்தாயே, அதே வேலி. அதே இடம்.

பஸ்ஸில் ஏறினேன். புடவையால் முழுக்க மூடி மடியில் போட்டுக்கொண்டேன். பூந்தமல்லி தாண்டியதும் பிள்ளையின் கை சில்லிட்டது. கண்டக்டர் கேட்டான்: "இன்னாம்மா, புள்ளைக்கு ஒடம்பு செரியில்லியா?" சொன்னால் நடுரோட்டில் இறக்கிவிடுவான். "தூங்குதுப்பா" என்றேன். பக்கத்து சீட்டுக்காரி, "நல்லா அசந்து தூங்குது" என்றாள். நான் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனேன். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி எதிரில்தான் இருந்தது. எனக்கு அங்கே என்ன வேலை? அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். திரும்பி வரும்போதும் கேட்டார்கள். தூங்குது என்றேன்.

என் மாமியார் திட்டவில்லை. சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பார்வதம், அதுதான்.

நீ வேலியைப் பிரித்தபோது நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.  பஸ்ஸில் நீ உட்கார்ந்திருப்பாய், யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன்.

வேம்புலிக்குப் படம் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள்? முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. மூக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கெங்கம்மாள்


மேடக்
30-12-1988

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். "எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

இத்தனை வருடம் இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலியைப் பிரித்துக்கொண்டுதான் போயிருப்பேன். ஆனால் உங்களையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். நான் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிப்பாட்டும்போது அந்தக் குதிகால் தினம் என் கையில் இருக்கிறது.

கஸ்தூரிக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். கழற்றினால் அழுகிறாள், மாட்டினாலும் அழுகிறாள். நாங்கள் சாப்பிடும்போது கதவை அந்தப் பூட்ஸால் தட்டுகிறாள். டொக், டொக். நீங்கள் எழுதிய நாளிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. பரணில் என்ன சத்தமோ தெரியாது. இங்கே தட்டுவது உயிரோடு இருக்கிற பிள்ளை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கடிதத்தில் நீங்கள் படம் கேட்கவில்லை. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன், மடித்த இடத்தில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்றும் பார்த்தேன்.

பார்வதம்


குத்தம்பாக்கம்
8-4-1989

பார்வதத்துக்கு,

இன்லண்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கிறான். அதனால் கவர் வாங்கி எழுதுகிறேன். உள்ளே இருப்பது கீழே விழுந்துவிடாமல் பிரி.

மறுபடி பங்குனி, மறுபடி அம்மை. இந்தத் தடவை நம் ஊட்டில் இல்லை, அடுத்த ஊட்டில். முனியம்மாவுக்குப் போன கார்த்திகையில் ஒரு பிள்ளை பிறந்தது, மதுரைவீரன் என்று பேர். பேர்தான் வீரன், வலது பாதம் நம் கஸ்தூரி மாதிரியே. நான்தான் தூக்கிப் பார்த்து, காட்டுப்பாக்கத்துக்குப் போடி என்றேன். வாரா வாரம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அதன் அக்கா அஞ்சலைக்கு வார்த்துவிட்டது. அஞ்சலைக்கு ஐந்து வயது.

கட்டு மாற்றுகிற வாரம் தாண்டிவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லித் தெருவுக்கு வந்த நர்சம்மாவிடம், சனிக்கிழமை பின்கேட்டுக்கு வரச்சொல்லி ஞானம்மாள் சிஸ்டர் சேதி சொல்லியனுப்பியிருக்கிறார். முனியம்மாவின் மாமியார் படியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "எம் மேல ஏறி மிதிச்சுகினு போ" என்கிறாள். கடைசியில் பூக்கட்டிக் கேட்போம் என்று முடிவாயிற்று. தெருவில் மூத்தவள் நான். நான்தான் கட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

குளித்து ஈரப்புடவையோடு போனேன். உள்ளே அஞ்சலை வேப்பிலைமேல் கிடந்தாள். மூச்சு இரைத்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மதுரைவீரன் தூளியில் கிடந்து கட்டைத் தூளிக் கம்பில் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தச் சத்தமும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நின்றேன் பார்வதம். 

பூவைப் பறித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்று கட்டினேன். பக்கத்து ஊட்டுச் சின்னது வந்து ஒன்றை எடுத்தது. பிரித்தேன். வெள்ளை.

முனியம்மா ஓவென்று அழுதாள். மாமியார்க்காரி சும்மா விடுவாளா? "அந்த இன்னொண்ணையும் பிரி, பாப்போம்" என்றாள்.

நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். "அம்மா வாயத் தொறந்து சொல்லிட்டா. அதுக்கு மேல சாட்சி கேக்குறியா நீ? ஆத்தாகிட்டயே கோர்ட்டு வெக்கிறியா? வெச்சுக்கோ, ஒம் பேத்திதான் உள்ள கீது" என்றேன். அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

வெந்நீர் வைத்து, தொட்டியில் பிள்ளையின் காலை ஊறவிட்டு, சுற்றுச் சுற்றாக அந்தக் கட்டை அவிழ்த்தது நான்தான். முனியம்மாவுக்குக் கை வரவில்லை. விரல் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன், வெளுத்துச் சிவந்தது. நேரத்துக்குப் பிரித்த கால் இப்படித்தான் இருக்கும் போல. சின்ன மீன் மாதிரி. ஒரு புண் இல்லை.

முனியம்மா அஞ்சலையை விட்டு நகர முடியாது. ஒரு ஆள்தான் வரலாம் என்றால் அந்த ஆள் நான்தான் என்றேன். அந்த வேலி வழியாகப் போகவில்லை. தலைவாசல் வழியாகத்தான் போனேன். பஸ்ஸிலும் ஏறவில்லை. முனியம்மா புருஷன் துலுக்கானம் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பின்கேட்டு வரை ஓட்டிவந்தான், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான். வழியில் யாரும் பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கொட்டகை அப்படியே இருக்கிறது. ஞானம்மாள் சிஸ்டர் மூக்கில் துணியோடு வந்து என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க கோவிந்தன விரட்டுன அம்மாதானே?" என்றார். ஆமாம் என்றேன். கோவிந்தன் வாளியில் மாவுத்துணியை நனைத்துக்கொண்டே, "இன்னிக்கு சைக்கிள திருப்பச் சொல்லலியா யம்மா?" என்றான். சிரித்தேனா அழுதேனா தெரியாது. பிள்ளையின் முழங்காலை நான் பிடித்துக்கொண்டேன், அவன் பாதத்தைத் திருப்பிக் கட்டினான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவருக்குள் இருப்பது அந்த இரண்டாவது பொட்டலத்துப் பூ. வாடியிருக்கும். வாடினாலும் நிறம் தெரியும், பார். அதுவும் நந்தியாவட்டைதான்.

அன்றைக்கும் இப்படிக் கட்டியிருக்கலாமே என்று கேட்பாய். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கை வந்திருக்காது.

நான் திரும்பி வரும்போது அஞ்சலைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவை ஏமாற்றினால் அவள் யாரிடம் கணக்குக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். "தூங்குதா பெரிம்மா?" என்று முனியம்மா கேட்டாள். அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. நர்சம்மாவைக் கூட்டிவாடி, ஓடு என்றேன். மாமியார்க்காரியைப் பார்த்தேன். அவள் வழிவிட்டாள்.

இன்னும் தண்ணி ஊற்றவில்லை.

கெங்கம்மாள்


மேடக்
2-5-1989

அத்தைக்கு,

அஞ்சலை எப்படி இருக்கிறாள்? உடனே எழுதுங்கள். கார்டில் ஒரு வரி போதும்.

பூ வந்தது. அவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைக்கப் போனார். வேண்டாம் என்று வாங்கி, கஸ்தூரியின் ஆஸ்பத்திரிச் சீட்டுக்குள் வைத்திருக்கிறேன். வெள்ளைதான். பழுப்பாகிவிட்டது, இருந்தாலும் வெள்ளைதான்.

கஸ்தூரி நாலடி நடந்தாள். விழுந்தாள். எழுந்து மறுபடி நடந்தாள். நடையில் கொஞ்சம் சாய்வு இருக்கிறது, அது இருக்கும் என்கிறார்கள். தெலுங்கில்தான் திட்டுகிறாள்.

ஆடியில் லீவு கேட்டிருக்கிறார். கூழ் ஊற்றும் நேரத்தில் அங்கே இருப்போம். படம் அனுப்பவில்லை. நேரில் வரும்போது எதற்குப் படம்?

பின்வேலியை அடைத்துவிட்டீர்களா?

பார்வதம்


குத்தம்பாக்கம்
11-5-1989

பார்வதத்துக்கு மாமியார் கெங்கம்மாள் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. அஞ்சலை எழுந்து உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் கேட்டாள். நர்சம்மா மூன்று நாள் வந்து ஊசி போட்டார், மாமியார்க்காரியே விசிறிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூன்றாம் தண்ணியும் ஊற்றியாயிற்று. மதுரைவீரனுக்கு அம்மை ஒட்டவில்லை. அதற்கப்புறம் கட்டு ஒரு வாரமும் தவறவில்லை, பாதம் பாதி திரும்பிவிட்டது. புஷ்பா ஒன்பதாவது பாஸ். குணசேகரன் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்கிறான். உன் மகள் நாலடி நடந்தாள். கிணற்றடியில் அப்படியேதான் சொன்னேன்: "நாலடி நடந்தா, வுழுந்தா, எழுந்தா. கொஞ்சம் சாய்வு கீது." முனியம்மா, "இன்னா பெரிம்மா, அப்போ ஓடுதுன்னியே?" என்றாள். "அது என் வாய் ஓடுச்சுடி" என்றேன்.

வேலியை அடைக்கவில்லை. உத்தமனை விட்டு அங்கே ஒரு படல் கதவு வைத்துவிட்டேன். உள்ளிருந்தே திறக்கலாம்.

ஓடுகளை ஏரியில் போடவில்லை. கஸ்தூரி தன் காலால் வந்து, தன் கையால் அம்மன் பாதத்தில் வைக்கட்டும். இரண்டு வெள்ளைப் பூவுக்கு நான் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன். மத்தியானத்தில் இன்னும் தட்டத்தான் தட்டுகிறது. முன்பு காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது "வரேன் இரு" என்கிறேன். கஸ்தூரியிடம் சொல்கிறேனா, வேம்புலியிடம் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது. சொன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறது.

ஆடிக்கு வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய். வாருங்கள். இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பிவிடு. பஸ்ஸில் கூட்டிவருகிற பிள்ளையை, கண்ணால் பார்க்கிறவரைக்கும் நான் நம்பமாட்டேன். தபாலில் வருவது வந்துவிடும். ஸ்டுடியோக்காரனிடம் முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். அந்த முகம் என் மாமியார் முகம், எனக்கு மனப்பாடம். பூட்ஸைக் கழற்றிவிட்டு, தரையில் நிற்கவைத்து, இரண்டு பாதமும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். இடது குதிகால் தழும்பும் தெரியட்டும். மறைக்காமல் எடுத்து அனுப்பு.

கெங்கம்மாள்